வெள்ளிக்கிழமைச் சந்தனம்

முருகன் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைகளில் குகநேசன் போவது கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள ஐசக்கின் சாண்ட்விச் கடைக்கு. யூதர்களின் கடை, பொழுதுபட முதல் ஓய்வுநாளுக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் நடை சாத்துமுன் ஓடுகிற பக்தனைப் போலத்தான் அவரும் ஓடுவார். புகையில் வாட்டிய மாட்டிறைச்சியை ஐசக் ஆவி பறக்க அரிந்து, ரொட்டிக்குள் கோபுரமாக அடுக்கி, மஞ்சள் கடுகு விழுது பூசிக் கொடுப்பார். குகநேசன் கண்ணை மூடிக்கொண்டுதான் கடிப்பார்.

அன்று வியர்த்துக் கொட்டியதில், கடுகு ஒட்டிய விரலாலேயே நெற்றியை வழித்துவிட்டார். அது தெரியாமல் ஏலக்காய் மென்றபடி வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மனைவி சிவமலர் அவர் நெற்றியையே பார்த்தாள்.

"இண்டைக்குச் சந்தனம் நல்லாக் குழைச்சிருக்கினம்."

அவர் தடுப்பதற்குள் மோதிரவிரலால் கொஞ்சம் வழித்துத் தன் நெற்றியில் வைத்துக் கண்மூடிக் கும்பிட்டாள். குகநேசன் மென்றுகொண்டிருந்த ஏலக்காயை அப்படியே விழுங்கினார். கும்பிட்டு முடித்தவள் விரலை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்தாள். பிறகு இன்னொருமுறை, ஆறுதலாக, மூச்சை மெல்ல இழுத்து.

"அடுத்த வெள்ளி நானும் வாறன்," என்றாள். "பூசை எத்தினை மணிக்கு?"