மதிப்புக்குரிய எதிரி அவர்களே

“எருமைன்னு சொன்னது உண்மதான் சார். ஆனா மரியாதையாத்தானே சொன்னேன்?”

போனில் யோகேஸ்வரன் இப்படிக் கேட்டது, முப்பத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற சூசைரட்ணம் மாஸ்டரிடம். கொட்டகலையில் இருந்தபடி பேஸ்புக்கில் ‘மலைச்சேதி’ என்ற குழுவை நடத்துகிறவர் அவர். சுற்றுவட்டாரத்துச் செய்தியெல்லாம் அதில்தான் வரும். யாரும் யாரையும் வாடா போடா என்று எழுதக் கூடாது, ‘மதிப்புக்குரிய’ என்றுதான் தொடங்க வேண்டும் என்று போன மாதம் சட்டம் போட்டவரும் அவரே.

அந்தச் சட்டப்படிதான் யோகேஸ்வரன் எழுதியிருந்தார்: ‘மதிப்புக்குரிய எருமை விஜிதரன் அவர்களே, தங்கள் மண்டையில் இருப்பது களிமண் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

விஜிதரனின் பதிலிலும் குற்றம் சொல்ல முடியவில்லை: ‘மதிப்புக்குரிய யோகேஸ்வரன் அவர்களே, தங்கள் கருத்துக் கிடைத்தது. தங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த கழுதைக்கு என் வணக்கங்கள்.’

சண்டை ஒரு பாலத்தைப் பற்றியது. இருவருமே நண்டுக்கல் தேயிலைத் தோட்டம். அங்கே ஆற்றைக் கடக்கப் போட்டிருந்த பலகையை மழை கொண்டுபோய்விட்டதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு மைல் சுற்றி நடக்கிறார்கள். ‘தயவுசெய்து ஒரு பாலம்’ என்று தோட்டத்தார் முதலில் போட்ட படத்துக்கு நாலு லைக் விழுந்தது. அதில் ஒன்று சூசைரட்ணம் போட்டது. பிறகுதான் யோகேஸ்வரன், பாலம் கோயில் பக்கம் வர வேண்டும் என்று ஆரம்பித்தார். இல்லை, கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்காம்பரா பக்கம்தான் வர வேண்டும் என்று விஜிதரன் குதித்தார்.

மூவாயிரம் கொமெண்ட். அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திராத ராகலைக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். கட்டாரிலிருந்து ஒருவர் பாலத்துக்குப் படமே வரைந்து அனுப்பினார், விளக்குக் கம்பத்தோடு. றொசல்லயில் ஒரு கல்யாணம் ஒரு கிழமை தள்ளிப்போனது. பெண் வீடு கோயில் கட்சி, மாப்பிள்ளை வீடு பிள்ளைக்காம்பரா கட்சி.

“ரெண்டு பேரையும் குழுவ விட்டுத் தூக்கிருங்க,” என்றாள் சூசைரட்ணத்தின் மனைவி சிசிலி.

“தூக்க ஏலாதும்மா. பிரதேச சபைத் தலைவரே தெனம் வாசிக்கிறாராம். ஞாயித்துக்கெழம எடம் பாக்க வர்றேன்னுட்டாரு. அங்க சண்ட நடந்தா ஜீப்ப விட்டே எறங்க மாட்டேன், பாலமும் இல்லன்னுட்டாரு.”

“அப்ப என்னா செய்யப் போறீங்க?”

“போயி ரெண்டு பேரு கால்லயும் விழ வேண்டியதுதான். பாவம், புள்ளைங்க நடக்குதுங்க.”

ஞாயிறு காலை, ஜீப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்பே ஓட்டோவில் போய் இறங்கினார். யோகேஸ்வரன் கோயில் பக்கம் நின்றார். விஜிதரன் ஆற்றோரத்தின் மறுகோடியில், பிள்ளைக்காம்பரா பக்கம்.

“யோகேஸ், அவருகிட்ட ஒரு வார்த்த நல்லதா பேசுப்பா.”

“அந்த மூஞ்சியில முழிக்கிறதுக்கு நான் ஆத்தோடயே போயிருவேன் சார்.”

“பாலத்துக்காக.”

“பாலத்துக்காகன்னா… சரி. நீங்க சொல்றீங்களேன்னு.”

விஜிதரன் அதைவிட மோசம். “அவரு மூச்சு விடுற காத்த நான் இழுக்க மாட்டேன் சார். அவரு விடுற நேரம் நான் மூக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்.”

அவரையும் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்தார்.

ஜீப் வந்தது. தோட்டமே திரண்டு நின்றது. பெண்கள் சிலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பயத்தில் அழுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் சூசைரட்ணம்.

தலைவர் கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார். “எங்க கட்டணும்?”

யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். “விஜிதரன் சொன்ன எடத்துலயே கட்டுங்க ஐயா.”

“அதெல்லாம் முடியாது! யோகேஸ்வரன் ஐயா சொன்ன எடத்துலதான் கட்டணும்!” என்றார் விஜிதரன்.

“நீங்க சும்மா இருங்க. ஒங்க எடந்தான்!”

“ஒங்க எடந்தான்னு சொல்றேன்ல!”

இது கைகலப்பில் முடியுமோ என்று பயந்து சூசைரட்ணம் நடுவில் பாய்ந்தார். “ரெண்டுக்கும் நடுவுல கட்டுங்க! பழைய பலக கெடந்த எடத்துல!”

கைதட்டலில் ஆற்றுச் சத்தமே கேட்கவில்லை. தலைவர் இறங்கிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜீப் பொனட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

“அடுத்த மாசம் வேல தொடங்கும். நாகரிகம்னா இதுதான் மாஸ்டர்!”

ஜீப் போனதும் சூசைரட்ணத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை உடனே குழுவில் போட்டாக வேண்டும். ‘பண்பு வென்றது’ என்று தலைப்புக்கூட அமைந்துவிட்டது. ஆனால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

“லயத்து வீடுங்களுக்குப் பின்னால ஒரு பாற இருக்குங்க சார்,” என்றாள் கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி, சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுக்காமலே. “இந்தத் தோட்டம் பூராவுக்கும் அங்க மட்டுந்தான் சிக்னல்.”

மூச்சு வாங்க ஏறினார். பாறை உச்சியில் ஒரே குடைக்குள் இரண்டு முதுகுகள். நடுவில் ஒரு தட்டில் அவித்த கடலை.

“பாலம் முடிஞ்சிச்சு மாப்ள. இனி தண்ணி டாங்கிதான்,” என்றது யோகேஸ்வரனின் குரல்.

“அதுக்குத்தான் மச்சான் கேக்குறேன்,” என்றார் விஜிதரன். “என் டேட்டா முடிஞ்சிருச்சு. ஒங்க ஹொட்ஸ்பொட்டக் கொஞ்சம் போடுங்க, ஒங்கள ஏசணும்.”