ஆட்சேபனை இல்லை

"நோ, சேர்" என்றான் தில்லைநாதன்.

செலீன் மிஸ்ஸுக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தோஷம் வந்தது. மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தியும் அவன் வாயில் வராத விடை அது.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே பின்னேர வகுப்பு. பதினொரு பேர். எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ்களில் விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள். தூதரகத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுமளவுக்கு அவர்களுக்கு இங்கிலீஷ் ஏற்றிவிடுவதுதான், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் மிஸ்ஸின் வேலை.

மற்றதெல்லாம் எப்படியோ ஏறிவிடும். இந்த "வுட் யூ மைன்ட்" மட்டும் ஏறாது.

இதைச் செய்வீரா என்று இங்கிலீஷ்காரன் நேரே கேட்கமாட்டான். செய்வதில் உமக்கு ஆட்சேபனை உண்டா என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பான். ஆட்சேபனை இல்லை என்றால்தான் சம்மதம். ஆகவே "நோ" என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். தில்லைநாதனுக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்கு.

யன்னலைத் திறப்பதில் ஆட்சேபனை உண்டா என்று கேட்டால், "யெஸ், மிஸ்" என்று எழும்பிப் போய், அகலத் திறந்துவிட்டு வந்து உட்காருவான். வகுப்பே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். கனடாவில் இவனைக் கட்டக் காத்திருக்கிற பிள்ளை பாவம் என்று மிஸ் பகிடி விடுவார்.

அன்றைக்கு மூன்று பேர் படியேறி வந்தார்கள். இரண்டு பேரிடம் துவக்கு இருந்தது. மூன்றாவது ஆள் ஒரு இளம் இன்ஸ்பெக்டர்.

அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். தில்லைநாதனுடையதை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அவருக்குத் தமிழ் வராது. இவனுக்குச் சிங்களம் வராது. கரும்பலகையை ஒருதரம் பார்த்துவிட்டு, பெரிய கல்லூரியில் படித்த இங்கிலீஷில், வெகு நாகரிகமாகக் கேட்டார்.

வுட் யூ மைன்ட் கமிங் வித் அஸ்?

தில்லைநாதன் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தான். பிறகுதான் அந்த "நோ, சேர்".

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மிஸ் நினைத்தார். பழக்கதோஷத்தில் "குட்" என்று வாயிலிருந்தும் வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் "தேங்க் யூ" சொல்லி அவன் முழங்கையைப் பிடித்தார். படியில் இறங்கும் சத்தம் அடங்கிய பிறகுதான் அவனுடைய இங்கிலீஷ் கொப்பி மேசையில் கிடப்பதை மிஸ் கண்டார்.

மற்றப் பத்துப் பேரும் அதற்குப் பிறகு வகுப்புப் பக்கமே வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

தில்லைநாதனின் அக்கா கனகேஸ்வரி மூன்று நாள் பொலிஸ் வாசலில் நின்றாள். அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். நாலாம் நாள் மிஸ்ஸின் வீட்டைத் தேடிப் பிடித்து வந்து, சாட்சி சொல்லக் கூப்பிட்டாள்.

போகாமல் இருக்கப் பயம் நூறு காரணம் சொன்னது. எப்படியோ மிஸ் அவளோடு போனார்.

சார்ஜன்ட் மரியாதையாகக் கதிரை போட்டார். தனக்குத் தெரிந்த தமிழில் விஷயத்தைச் சொன்னார்.

"அரெஸ்ட் இல்ல மிஸ். கேட்டது, சொந்த விருப்பத்தில வந்தது. விசாரிச்சு அன்டைக்கே அனுப்பினது."

அனுப்பியவன் வீட்டுக்கு வரவில்லையே என்று மிஸ் கேட்டார். அது தனக்குத் தெரியாது என்று சார்ஜன்ட் கையை விரித்தார். பிறகு சிங்களத்துக்கு மாறி, இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று விசாரித்தார்.

"நோ" என்று சொன்னான் என்று மிஸ்ஸும் சிங்களத்தில் சொன்னார்.

மிஸ் இங்கிலீஷ் டீச்சர்தானே, அப்படிச் சொன்னால் அர்த்தம் என்ன என்று சார்ஜன்ட் கேட்டார். மிஸ் அதையும் சொன்னார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனைக் கொண்டுபோனது இவர்கள்தான் என்று ஒரு கடதாசியிலாவது இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அவன் பிறந்ததையே மறுத்துவிடுவார்கள் என்று மிஸ் பயந்தார்.

சார்ஜன்ட் அவசரப்படாமல் ஆறுதலாக எழுதினார். வருவதில் ஆட்சேபனை உண்டா என்று கேட்கப்பட்டது, இல்லை என்று விடையளித்தார், ஆசிரியை சாட்சி. மிஸ் வாசித்துப் பார்த்தார். ஒரு சொல்லும் பிழையில்லை.

கையெழுத்துப் போட்டார். கடதாசி இழுப்பறைக்குள் போயிற்று.

கனகேஸ்வரிக்குச் சிங்களமும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. சிங்களத்தில் கதைத்த அவ்வளவு கதையிலும் ஒரேயொரு சொல்தான் அவளுக்கு விளங்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, மூன்று நாளைக்குப் பிறகு முதல்தரமாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மிஸ்ஸின் கையைப் பற்றினாள்.

"தம்பி 'நோ' எண்டு சொன்னவன் எண்டுதானே மிஸ் சொன்னனீங்கள்? அந்தச் சொல் எனக்கும் தெரியும். வரமாட்டன் எண்டு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான், என்ன? அப்பிடித்தானே எழுதியிருக்கினம்?"

மூன்று மாதமாக விடாத பிழையை அவன் அந்த ஒரு நிமிடத்தில் எப்படி விட்டிருப்பான் என்று செலீன் மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஓம்" என்றார் மிஸ்.