வேல் கொத்திய டம்ளர்

தண்ணீர்ப் பந்தலின் பித்தளை டம்ளர்களில் எழுபதைக் காணோம். தைப்பூசத்துக்கோ மூன்றே நாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் வருஷாவருஷம் பத்துமலை முருகன் கோயிலடியில் பந்தல் போட்டு மோர் ஊற்றுவார்கள். டம்ளருக்கு டம்ளர் வேல் கொத்தி வைத்திருந்தார்கள். வேல் இருந்தால் யாருக்கும் திருட மனசு வராதாம்!

"யாரு எடுத்திருப்பா?" என்றார் பந்தல் தலைவர் தம்புசாமி.

"கேக்கணுமா அண்ணே?" என்றான் நாகையா. "மோர் ஊத்துற வள்ளியம்மாதான். பாசார் சந்தையில கிடக்கிற கயிறு, ஓட்டை டின்னு, உடைஞ்ச குடை, ஒண்ணு விடாம வாரிச் சேக்கிற கை அது."

லயமே கிளம்பிற்று. பிள்ளைகள் முன்னால், நாய்கள் பின்னால். தம்புசாமிக்குக் காவடி எடுத்த மாதிரி உற்சாகம்.

வள்ளியம்மா வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு சாக்கு. நாகையா கவிழ்த்தான். கலகலவென்று டம்ளர்கள் உருண்டன. எல்லாவற்றிலும் வேல்.

"ஆகா!" தம்புசாமி குதித்தேவிட்டார். "முருகன் சொத்தையே சேத்து வெச்சிருக்கியா? இனி பந்தல் பக்கம் உன் நிழல் படக்கூடாது!"

வள்ளியம்மாவுக்குக் கண் கலங்கிற்று. பதினோரு வருஷம் மோர் ஊற்றிய கை.

"எங்கேருந்து வந்துச்சு? சொல்லு!"

"அது மட்டும் சொல்ல மாட்டேனுங்க. அறுபத்தெட்டு இருக்கு. இன்னும் ரெண்டு வரணும்."

"கேட்டீங்களா? இன்னும் ரெண்டு வேணுமாம்!"

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஏனோ தரையைப் பார்த்தார்கள்.

அந்நேரம் தம்புசாமியின் மனைவி நல்லம்மாள் பின்வாசல் வழியாகக் குனிந்த தலையோடு ஓடிவந்தாள். முந்தானைக்குள் ஏதோ மறைத்திருந்தாள்.

"இந்தாங்கக்கா, எங்க வீட்டு ரெண்டு. ஒண்ணு அவரு சவரத்துக்குத் தண்ணி வெச்சுக்கிறது. ஒண்ணு மீசைக்கு எண்ணெய் வெச்சுக்கிறது. எந்த வீட்டுலேருந்து வந்துச்சுன்னு மூச்சு விடமாட்டேன்னு எல்லாரு வீட்டுலயும் சத்தியம் பண்ணீங்களே, அந்தத் தைரியத்துலதான்…"

நிமிர்ந்தாள். எதிரே அந்த மீசையே நின்றது.

முதலில் நாய்கள் கலைந்தன. அடுத்து நாகையா.

தைப்பூசத்தன்று பந்தலில் ஒரு பெரியவர் மோரைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "டம்ளரெல்லாம் காணாமப் போச்சுன்னாங்களே, தம்புசாமி! யாரப்பா மீட்டது?"

தம்புசாமி தொண்டையைச் செருமினார். மோர்ப் பானையருகே நின்றவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வள்ளியம்மா."