உப்பு கொஞ்சம் தூக்கல்

புது மருமகள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் பீரோவிலிருந்து பழைய கேசட்டை எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டாள்.

"உன் மாமனார் குரலை நீ கேட்டதே இல்லையே. கேளு."

முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் ஒரு கனமான குரல், பக்கத்தில் இருந்தவரிடம் சாவகாசமாகப் பேசியது.

"இன்னைக்கும் வீட்டுச் சாப்பாடுதான். உப்பு எப்பவும் கொஞ்சம் தூக்கலா இருக்கும். நான் மூச்சு விடமாட்டேன். சொன்னா அவ முகம் வாடிடும்."

மாமியார் சிரித்தாள். "பத்து வருஷம் என் கையால சாப்பிட்டும் ஒரு வார்த்தை சொல்லலை, அழுத்தக்காரர். இதைக் கேட்டுத்தான் எனக்கே தெரிஞ்சுது."

குரல் மகனுக்கு முதல் பல் விழுந்த கதையைச் சொன்னது. ஏதோ பாட்டை ராகம் தப்பி முணுமுணுத்தது. "என்ன இது, கருகுற வாசனை வருதே" என்றதும் மாமியார் டப்பென்று நிறுத்திவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

"இன்னும் பாதி கேசட் இருக்கே?" என்று கணவனிடம் கேட்டாள் மருமகள்.

"அம்மா எப்பவும் இங்கேயே நிறுத்திடுவாங்க. அப்பா ஓட்டின சரக்கு விமானம் வயர் தீப்பிடிச்சு விழுந்துச்சுல்ல, அதோட கருப்புப் பெட்டியில பதிவானது இது. விசாரணை முடிஞ்சதும் அம்மா கெஞ்சிக் கேட்டு வாங்கினாங்க. மீதியை நாங்க யாரும் கேட்டதில்லை."

மாமியார் சாப்பாடு பரிமாறினாள்.

"உப்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

"மனசுல வெச்சுக்காம இப்பவே சொல்லிடும்மா. இன்னொரு கேசட்ல கேட்டுத் தெரிஞ்சுக்க என்னால முடியாது."