பின் சக்கரத்தின் ரோஷம்

பெரிய எலுமிச்சை தன் தம்பியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது புது இத்தாலியக் காரின் முன் சக்கரத்தடியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்தக் காரைப் பாரேன், என்ன குள்ளம்! இதுக்கு அடியில போகணும்னா கோழிகூடக் குனியணும்!"

கோயில் வாசலில் பூசை முடிந்துவிட்டது. புதுக் கார் புறப்படும்போது சக்கரத்தடியில் வைத்த பழங்கள் நசுங்க வேண்டும் என்பது வழக்கம். பின் சக்கரத்தடியில் இருந்த பெரிய எலுமிச்சைக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஐயா, நீங்க ரொம்ப வேகமாமே?" என்று சக்கரத்திடம் கேட்டது.

"மூணே வினாடியில நூறு கிலோமீட்டர். எஞ்சின் என் பக்கத்துலதான் இருக்கு. அறுநூறு குதிரைச் சக்தியும் எனக்குத்தான். முன் சக்கரம் சும்மா வளைஞ்சு திரும்புற ஆளு."

"அப்பேர்ப்பட்டவரு மாட்டு வண்டி மாதிரி உருண்டா என்னை நசுக்கப்போறீங்க? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"மாட்டு வண்டியா? நானா?"

சக்கரத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புகை கிளம்ப, நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றியது. வழவழப்பான பழம் அதன் பிடியிலிருந்து பிதுங்கித் தெறித்து, அர்ச்சகர் தலைக்கு மேலே பறந்தது.

"தம்பி, நான் பறக்குறேன்டா!" என்று கூவிக்கொண்டே பூக்காரியின் கூடைக்குள் போய் விழுந்தது.

அதற்குள் தம்பி இருந்த பக்கம், முன் சக்கரம் ரோஷமெல்லாம் படாமல் தன் வேலையை முடித்திருந்தது.

கார் போய்விட்டது. வாசலில் இரண்டு கறுப்புக் கோடுகளும் கொஞ்சம் எலுமிச்சை விதைகளும் கிடந்தன.