வலையோரம் ஒரு நிமிஷம்

நீல டென்னிஸ் மட்டையும் சிவப்பு மட்டையும் கடையில் ஒரே ஆணியில் தொங்கியவை. வாங்கியவர்களோ லீக்கில் பரம எதிரிகள். ஆட்டம் முடிந்து அவர்கள் வலையோரம் கைகுலுக்கும்போது மட்டும்தான் மட்டைகள் ஒன்றையொன்று தொடும்.

அன்று வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசி டை-பிரேக் முடிவேனா என்றது.

"வலையோரம் எப்ப வருவேன்னு கேட்டுட்டு வா" என்று பந்தை அனுப்பியது நீலம். சிவப்பு பதில் சொல்லித் திருப்பி அனுப்பியது. பந்து நீலத்தின் பக்கத்துக் கோட்டிலேயே விழுந்தது; கோட்டைத் தொட்டால் அவுட் இல்லை.

"அவுட்! நான் ஜெயிச்சாச்சு!" என்றார் நீலத்துக்காரர்.

அம்பயர் கிடையாது, அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவர் சொல்வதே தீர்ப்பு. சிவப்புக்காரர் கைகுலுக்கவில்லை. மட்டையைப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சொன்னா?" என்றது நீலம்.

உடம்பெல்லாம் கோட்டுச் சுண்ணாம்போடு கிடந்த பந்து மெல்லச் சொன்னது:

"இந்த அடியோட முடிஞ்சுடும், வந்துடறேன்னு."