அப்பாவின் கடைவாய்ப் பல்

"இனிமே நீட் எழுத மாட்டேன்னு உங்க அப்பாட்ட நீயே சொல்லு. என்னை இதுல இழுக்காதட்டி" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஜாய்ஸ் டீயை ஆற்றினாள்.

பிளஸ் டூ முடித்த கையோடு எழுதிய முதல் நீட்டிலும் சரி, நாமக்கல் கோச்சிங் ஹாஸ்டலில் இருந்து எழுதிய இரண்டிலும் சரி, தகுதி மார்க்கையே ஷிபா எட்டவில்லை. முந்தாநாள் ரிசல்ட் வந்ததிலிருந்து அப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"மார்க்கு போனா போவுதும்மா. அப்பாவோட பல்லை நினைச்சாத்தான் எனக்கு அழுகையா வருது" என்றாள் ஷிபா.

ஜாய்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் முறுக்கு டப்பாவைத் தேடப் போய்விட்டாள்.

அந்தப் பல் சாதாரணப் பல் அல்ல. ஷிபா ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தங்கப்பழம் ஆடித்தபசுத் திருவிழாக் கடையில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் டாக்டர் செட் வாங்கிக் கொடுத்தார். அதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது, ஊசி இருந்தது, பல் பிடுங்க மட்டும் ஒன்றும் இல்லை. அதனால் என்ன? அப்பாவுக்கு ராஜபாளையம் ரோட்டில் இரும்புக்கடை. புதுக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு, "ஆ காட்டுங்க" என்று அவர் மடியில் ஏறிவிட்டாள் மகள். சொத்தை விழுந்த கடைவாய்ப் பல் அன்றைக்கு மயிரிழையில் தப்பியது.

"இப்ப வேண்டாம் டாக்டர். நீங்க பெரிய படிப்பு படிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஒரு பயலை என் வாய்க்குள்ள கையை விட விடமாட்டேன். சத்தியம்!" என்று தலையில் அடித்துச் சொன்னார் தங்கப்பழம். அந்தக் குறடு இன்னும் விற்கப்படாமல் கடைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.

நாமக்கல்லில் இருந்து ஞாயிறுதோறும் போன் பேசும்போது ஷிபா முதலில் கேட்பதே, "பல் எப்படிப்பா இருக்கு?" என்றுதான்.

"அது உனக்காகக் காத்துக் கிடக்கு மக்கா" என்பார் அவர். அதைக் கேட்டுவிட்டுத்தான் மூடி வைத்த கெமிஸ்ட்ரி புத்தகத்தை மறுபடி திறப்பாள்.

தங்கப்பழம் கடையிலிருந்து டீ குடிக்க வந்தார். வழக்கம்போல இடது கை கன்னத்தைத் தாங்கியிருந்தது. முறுக்கை டீயில் நன்றாக ஊறவைத்து மெதுவாக மென்றார்.

"மக்கா, கடையநல்லூர் சித்தீக் பாய் கடைக்கு வந்தாரு. பிரைவேட் காலேஜ்ல நேராவே சேத்துக்கிடுவாவளாமே?"

"அதுக்கும் நீட் பாஸாகணும்ப்பா. என் மார்க்குக்கு பி.டி.எஸ். எங்கயுமே கிடைக்காது."

"முன்னால எல்லாம் பிளஸ் டூ மார்க்கை வச்சே சீட்டு குடுத்தாவ. அந்தக் காலமா இருந்தா நீ இந்நேரம் பாதி டாக்டரு."

"அந்தக் காலத்துக்குப் போக பஸ் இல்லையேப்பா."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். "சரி, இன்னொரு தடவை எழுது. இதுக்குத்தான் வயசு வரம்பே கிடையாதாமே."

"நான் எழுதலப்பா." சொல்லியே விட்டாள். "டென்டல் மெக்கானிக்னு ஒரு டிப்ளமோ இருக்கு. அதுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க் போதும். அளவு பாத்துப் பல்லு செஞ்சு குடுக்குத வேலை. மெழுகு, பிளாஸ்டர், அரம்னு எல்லாமே கை வேலை. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்குப்பா. ஆனா..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஆனா, அதைப் படிச்சா பல் பிடுங்க முடியாது. டாக்டர்னு போர்டு வைக்க முடியாது. விளையாட்டுக்குச் செஞ்ச சத்தியத்துக்காக நீங்க இத்தனை வருஷம் வலியைப் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க. என்னால முடியலப்பா. நாளைக்கே தென்காசி போவோம். நல்ல டாக்டராப் பாத்து அந்தப் பல்லைப் பிடுங்கிருவோம். என்னை மன்னிச்சிருங்க."

தங்கப்பழம் மனைவியைப் பார்த்தார்.

"என்னை என்ன பாக்கீங்க? இனியும் மறைக்கப் போறீங்களா? பிள்ளை அழுதுல்லா?" என்றாள் ஜாய்ஸ்.

அவர் எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தலை குனிந்தபடி, மூடிய கையை மகளிடம் நீட்டினார். அன்று குறடு பிடித்த அதே சின்னக் கை என்ற நினைப்பில் அவளுடைய விரல்களைத் தானே மெல்ல விரித்து, கொண்டு வந்ததை உள்ளங்கையில் வைத்தார்.

ஈரம் சொட்ட, மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக ஒரு முழுப் பல்செட்!

"நீ நாமக்கல் போன மறுமாசமே எல்லாப் பல்லும் ஆட ஆரம்பிச்சு, வலி தாங்காம எல்லாத்தையும் பிடுங்கிட்டேன் மக்கா. சொன்னா நீ படிப்பை விட்டுருவியோன்னு பயந்துட்டேன்" என்றார் தங்கப்பழம், ஒட்டிய கன்னங்களோடு, பொக்கை வாய் குழற. "பேசினாலும் சிரிச்சாலும் இது கழண்டு கழண்டு வருது. நீ படிச்சிட்டு வந்து அப்பாவுக்குப் பொருந்துத மாதிரி ஒண்ணு செஞ்சு தா."